லவீனியாவைக் கழற்ற மாட்டேன்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். மகள் தானே விரும்பிய பையன், பக்கத்து நகரமான லொங்குய்யில் வேலை. இரண்டு வீட்டுக்கும் சம்மதம். பிறகென்ன பிரச்சினை என்கிறீர்களா? ஹோலில் தொங்கிய ஒரு படம்!

பழைய சாமான் கடையில் வாங்கினேன். கரித்துண்டால் வரைந்தது. சட்டைக் கையை மடித்துவிட்ட ஒரு நடுவயதுப் பெண், கன்னத்தில் கை வைத்து, 'இப்ப என்ன வேணும்?' என்பதுபோல நேரே பார்க்கிறாள். மூலையில் கையெழுத்து — லவீனியா ஹார்க்ரோ. அமெரிக்கக்காரி, தன்னைத்தானே வரைந்தது என்றார் கடைக்காரர்.

இன்டர்நெட்டில் தேடினேன். அவளுடைய கணவருக்கு ஒரு முழுப் பக்கம் கிடைத்தது. அவரும் ஓவியராம். பிறந்த ஊர், படித்த பள்ளி, வாங்கிய பதக்கம், வளர்த்த நாய்... ஒன்றையும் விடவில்லை. கடைசி வரி: 'இவர் மனைவியும் படம் வரைவார்.' அவ்வளவுதான்! நாய்க்கு இரண்டு வரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றே ஹோலில் ஆணி அடித்தேன்.

நம் ஆட்களின் வீட்டில், கறுப்புச் சட்டத்துக்குள் தனியாக ஒரு பெண் முகம் தொங்கினால் என்ன அர்த்தம்? செத்தவர் என்றுதானே! உங்களுக்குத் தெரியாததா...

சம்பந்தம் பேசுவதற்கு முதல் நாள், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியிலிருந்து வந்த மச்சாள் — கணவரின் தங்கை — படத்தைக் கண்டதும் கைகூப்பிக் கும்பிட்டாள். "எப்ப மோசம் போனவ? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" என்று குறைப்பட்டாள். விளக்கிச் சொன்னேன். சொந்தமே இல்லை என்றதும் கோபம் இன்னும் கூடியது. ஆரோ செத்த வெள்ளைக்காரிக்கு முன்னாலயோ கலியாணம் பேசப் போறியள் என்று கேட்டாள்.

அவள் போனதும் லவீனியாவின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதிப் படத்துக்குக் கீழே ஒட்டினேன்.

ஞாயிறு காலை என் வீட்டுக்காரரும் தொடங்கினார்.

"இஞ்சாரும், இண்டைக்கு மட்டும் கழட்டி வையுமன். பேந்து நானே கொழுவி விடுறன்."

தன்மையாகத்தான் கேட்டார். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஒரு படத்தால் மகளின் காரியம் குழம்பினால்? ஆனால் 'இண்டைக்கு மட்டும்' என்று சொல்லிச் சொல்லித்தானே பெண்களை ஓரமாக வைக்கிறார்கள்? மகளைப் பார்த்தேன்.

"விடுங்கோ அப்பா, இருக்கட்டும்" என்றாள். பிறகு என்னை யார் அசைக்க முடியும்!

வந்தார்கள். பையனின் அம்மா பலகாரத் தட்டோடு நேரே படத்துக்கு முன்னால் போய் நின்றார். உங்கட அம்மாவோ என்று கேட்டார். இல்லை, இவ நல்லாப் படம் வரைந்தவ, ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை, அதனால்தான் நான் மாட்டியிருக்கிறேன் என்றேன். அவர் கீழே ஒட்டியிருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"ஒருத்தருக்கும் பயப்பிடாத முழி" என்றார். "கழட்டிப் போடாதேங்கோ."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வீட்டுக்காரரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். கலியாணத்துக்கு நாள் பார்ப்பதென்று முடிவானது.

தேத்தண்ணி குடிக்கும்போது பையனின் அப்பா படத்தைக் காட்டிக் கேட்டார்: "இவவின்ர மனுசன் ஆர்?"

அந்த முழுப் பக்கத்தையும் வாசித்தவள் நான். நாயின் பெயர்கூட ஞாபகம் இருக்கிறது.

"அவரும் படம் வரைவாராம்" என்றேன்.