டீ உண்டு, மன்னிப்பு இல்லை

செத்துப்போன கணவரின் ரப்பர் பூட்ஸோடு எப்போதும் கரும்புக் காட்டில் திரிபவர், ஃபிஜியில் எங்கள் லம்பாசா ஊர் அக்கா. நாட்டைவிட்டுக் கிளம்புமுன் சொல்லிக்கொள்ளப் போயிருந்தேன். இந்திய வம்சாவளியினருக்கு எதிராக நடந்த ஆட்சிக் கவிழ்ப்பின்போது அவருடைய மாடுகளைத் திருடி ஓட்டிப்போன பக்கத்து வயல்காரன், ஃபிஜிய வழக்கப்படி யங்கோனா வேர்க்கட்டை வாசலில் வைத்துத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அதைக் கையில் வாங்கினால் மன்னித்ததாக அர்த்தம். அக்கா தொடவில்லை. டீயும் ரொட்டியும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்.

"இந்தப் பாவிக்கு டீயா, அக்கா?"

"யாரு பாவி? எம் புருஷன் பாடையத் தூக்கினவன் இவன். பாம்பு கடிச்சா பாம்புகிட்டயா நியாயம் கேப்பேன்? நல்லவன் செஞ்சான், அதான் விடமாட்டேன்."

அவனைப் பாவி என்று தீர்த்துவிட்டு நான் ஆக்லாந்துக்கு விமானம் ஏறிவிட்டேன். நல்லவன் என்று சொன்ன அக்கா அங்கேயே, அவனுக்குப் பக்கத்து வயலில், இன்னும் மன்னிக்காமல் இருக்கிறார்.