ஆறட்டும் என்று சொன்னவர்

வண்டி கழுவும் குழாயடிக்கு வாங்கப்போகும் புது வாளி நீல நிறத்தில் இருக்க வேண்டும் என்று எங்கள் வேன் உரிமையாளர் சங்கத்தின் செயற்குழு சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை முடிவெடுத்தது. முடிவு எளிதில் வந்துவிடவில்லை. சிவப்பு வாளி தூரத்திலிருந்தே கண்ணில் படும், ஆகவே யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள் என்று புத்தூர் உறுப்பினர்கள் வாதாடினார்கள். கண்ணில் படுவதால்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று திருப்பதி உறுப்பினர்கள் மறுத்தார்கள். வாக்கெடுப்பு முடிந்து, செயலாளர் என்ற முறையில் நான் தீர்மானத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது முனிரத்தினத்தின் போன் அடித்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தவர் உட்காரவில்லை.

"சரோஜாக்கா பூட்டாங்களாம்," என்றார்.

காலையில் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். தீர்மானத்தில் யாரும் கையெழுத்துப் போடாமல் எல்லோரும் வண்டிகளை எடுத்தோம்.

இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் திருப்பதி ரேணிகுண்டா சாலையில் அவருடைய கடை பெஞ்சில் உட்கார்ந்து எரிச்சலடைந்தவர்கள்தான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சரோஜா சத்தியவேடு பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படித்தவர். நாடு கதவைத் திறந்துவிட்டபோது அதன் வழியாக வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் உள்ளே வந்தன. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அதே வழியாக வெளியே போனார்கள். சரோஜா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில், முடிந்த கார்களைச் சோதிக்கும் பிரிவில் பல வருஷம் இருந்தார். பிறகு கம்பெனிக்கு அவர் தேவைப்படவில்லை, அவருக்கும் கம்பெனி தேவைப்படவில்லை. இதை முதலில் சொன்னது யார் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

திரும்பி வந்து கடை வைத்தார். 'இங்கு எல்லா வண்டிகளுக்கும் சென்சார் பார்க்கப்படும்' என்று தமிழிலும் தெலுங்கிலும் போர்டு. முதல் வாரத்திலேயே சினிமா விநியோகஸ்தர் ஒருவர் வந்து நின்று, படங்களுக்கும் பார்ப்பீர்களா என்று கேட்டார். "பாக்கறேன், ஆனா நான் வெட்டறது வயரு மட்டுந்தான்," என்றார் சரோஜா. அந்த மனிதர் சிரித்துவிட்டுப் போனார். மறுநாள் தன் காரைக் கொண்டுவந்து விட்டார்.

அவர் வேலை செய்யும் விதம் வாடிக்கையாளரைப் பொறுமையிழக்க வைப்பதற்கென்றே வகுக்கப்பட்டது. ஓடி வந்த வண்டியைத் தொட மாட்டார். "ஆறட்டும்" என்பார். டீ சொல்வார். அவசரம் என்று யாராவது சொன்னால் இன்னொரு டீ சொல்வார். சூடான என்ஜினில் எல்லாக் கோளாறும் ஒளிந்துகொள்ளும், ஆறிய என்ஜினில்தான் வெளியே வரும் என்பது அவருடைய கட்சி. எப்போதும் அது சரியாக வந்தது என்று சொல்ல மாட்டேன். என் வண்டியை ஒரு மத்தியானம் முழுவதும் ஆறவைத்து, சைலன்சரைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினார். கடைசியில் எலி வயரைக் கடித்திருந்தது. "எலிய நான் கணக்குல சேக்கல," என்று ஒத்துக்கொண்டார். அன்றைக்கு மட்டும் டீக்கு அவர் என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

முனிரத்தினத்தின் கதைக்கு வருகிறேன். நாராயணவனத்துக்காரர். திருப்பதியில் இயற்கை எரிவாயு கிடைக்க ஆரம்பித்ததும் எங்களில் முதலில் கேஸ் வேன் வாங்கியவர் அவர்தான். கொஞ்ச நாளில் என்ஜின் விளக்கு மஞ்சளாக எரிய ஆரம்பித்தது. வண்டி திணறியது, மேட்டில் நின்றது, கேஸை அளவில்லாமல் குடித்தது. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் 'லீன்' என்று வந்தது.

இங்கே ஒரு சிறு விளக்கம் தேவை. சைலன்சருக்குப் போகும் குழாயில் ஆக்சிஜன் சென்சார் என்று ஒன்று செருகியிருக்கும். எரிந்து வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்று அது முகர்ந்து பார்த்து என்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். மிச்சம் அதிகமாக இருந்தால், உள்ளே போகும் காற்றுக்கு ஏற்ற கேஸ் போகவில்லை என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு கேஸைக் கூட்டும். இந்த நிலைமைக்குப் பெயர்தான் லீன். எங்கள் சங்கத்தில் எல்லோருக்கும் இரண்டு மொழி தெரியும். அதனால் ஓர் ஆங்கிலச் சொல்லை இரண்டு மொழியிலும் தவறாகப் புரிந்துகொள்ளும் வசதி எங்களுக்கு உண்டு. லீன் என்பது தெலுங்கு 'லேது' போலக் காதில் விழுந்தது. கேஸ் லேது, அதாவது கேஸ் இல்லை என்று சங்கம் ஏகமனதாகப் பொருள் கண்டது. முனிரத்தினம் கேஸ் ஃபில்டரை மாற்றினார், கேஸ் குழாய்களை மாற்றினார், சென்சாரையும் இரண்டு முறை மாற்றினார். சில நாள் விளக்கு அணையும். ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் திரும்ப எரியும். வெள்ளிக்கிழமை என்றதும் பலமனேரில் ஜோசியம் பார்ப்பவரிடம் போனார். வெள்ளிக்கிழமை பூஜையை இரண்டு மடங்காக்கச் சொல்லி அனுப்பினார் அவர். விளக்கு முன்னிலும் பிரகாசமாக எரிந்தது.

முனிரத்தினம் பாஸ்போர்ட் எடுத்துவிட்டார். குவைத்தில் டிரைவர் வேலை. ஏஜென்ட் பதில் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டியை விற்றுவிட்டுப் போவதென்று முடிவு. வண்டி விற்க வேண்டுமானாலும் விளக்கு அணைந்தாக வேண்டும் என்று நான்தான் சரோஜாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். முனிரத்தினத்தின் மனைவி கௌரியும் வந்தார். அவர் வந்த காரணம் வேறு.

"அக்கா, இந்த லைட்ட நிறுத்திக் குடு. இல்லனா இவுரு குவைத்து பூடுவாரு. எம் பொண்ணு போன்லதான் நைனா நைனான்னு கூப்டுக்கினு இருக்கணும்."

"நின்னாலும் போவேன்," என்றார் முனிரத்தினம். "ரெண்டு சென்சார் மாத்திட்டேங்க்கா. மூணாவது வாங்கறதுக்கு டிக்கெட்டு வாங்கிக்கலாம்."

"ஆறட்டும்," என்றார் சரோஜா.

"வண்டியா, நானா?"

"ரெண்டும்."

ஆறியது. இடையில் ஏஜென்டின் போன் வந்தது. முனிரத்தினம் தயங்க, சரோஜா கையை நீட்டி வாங்கினார். "சல்லாரனீ அன்னா, தர்வாத்த செப்தாடு," என்றார். ஆறட்டும், அப்புறம் சொல்வான் என்று அதே வாக்கியம்தான், தெலுங்கில். எது ஆற வேண்டும் என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பார் போலிருக்கிறது. "இஞ்ஜன்," என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

பிறகு ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கரைத்தார். கேஸ் குழாய்களில்தான் தடவப்போகிறார் என்று நினைத்தோம்; எங்களில் பலர் ஏற்கெனவே தடவிப் பார்த்தவர்கள். அவர் தடவியது கேஸ் பக்கமே இல்லை. சென்சாருக்கு முன்னால், என்ஜினிலிருந்து புகை வெளியேறும் வார்ப்பிரும்புக் குழாயில். சைலன்சர் வாயை ஈரத்துணியால் கொஞ்சம் அடைத்து, ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். இரும்பின் மேல் குமிழி கிளம்பியது. தலைமுடி அகலத்துக்கு ஒரு விரிசல். அதைச் சுற்றி மஞ்சளாக ஒரு கறை.

"இது இன்னா முனி, சாம்பாரா?"

"மஞ்சத் தண்ணிக்கா. பூஜைக்கு."

"எப்ப ஊத்துவ?"

"வெள்ளிக்கெழம சாயந்தரம். கடசி ட்ரிப்பு முடிச்சிக்கினு வந்து நிறுத்தன ஒடனே. பானட்ட தூக்கி, உள்ளயும் வெளியும் குளிப்பாட்டிடுவேன். அந்த ஜோசியக்காரரு சொன்னதுலேர்ந்து ரெண்டு வாளி."

"சுடச்சுட இஞ்ஜன் மேலயா?"

"சாமிய காத்துக்கினு இருன்னு சொல்ல முடியுமாக்கா?"

"சாமி காத்துக்கினு இருக்கும்டா. இரும்பு இருக்காது."

கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த தண்ணீர் விழுந்து விரிசல் விட்டிருந்தது. வண்டி ஓடும்போது புகை விட்டுவிட்டு வரும் இடைவெளிகளில் விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே போயிற்று. சென்சார் அந்தக் காற்றை முகர்ந்து, ஆக்சிஜன் நிறைய இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னது. கம்ப்யூட்டர் அதைக் கேட்டு, தேவையில்லாத கேஸை ஊற்றியது. முதல் இரண்டு சென்சாருக்கும் உள்ளேயிருக்கும் பீங்கான் அதே அபிஷேகத்தில் உடைந்திருந்தது. கோளாறு கூடக்கூடப் பரிகாரத்தைக் கூட்டுவது, பரிகாரம் கூடக்கூடக் கோளாறு வளர்வது என்ற விஷயத்தில் என்ஜின் கம்ப்யூட்டரும் பலமனேர்க்காரரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் என்று தோன்றியது. "சென்சார் பொய் சொல்லல," என்றார் சரோஜா. "தன் மூக்குக்கு முன்னாடி வந்தத சொல்லுச்சி. அத யாரு உள்ள விட்டாங்கன்னு நாமதான் கேக்கணும்."

குழாயை மாற்றினார். விளக்கு அணைந்தது. முனிரத்தினம் அப்போதும் குவைத்தை விடவில்லை; விலை பேச ஆளையும் வரச் சொல்லியிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை தாண்டட்டும் என்றார் சரோஜா. வெள்ளிக்கிழமை, வண்டி ராத்திரியெல்லாம் ஆறி நின்ற பிறகு, முனிரத்தினம் காலையில் கழுவினார். விளக்கு எரியவில்லை. திருப்பதிக்கும் புத்தூருக்கும் ஓட்டினார், வண்டி மேட்டில் நிற்கவில்லை. விலை பேச வந்தவரை அன்றைக்குக் கௌரி வாசலிலேயே நிறுத்தி, "வண்டி விக்கறதா யாரு சொன்னாங்க?" என்று கேட்டதாகப் பிற்பாடு தெரிந்தது. முனிரத்தினம் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வரவில்லை.

பின்னர் சங்கம் கூடி, வண்டிகளை வெள்ளிக்கிழமை காலையில்தான் கழுவ வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சாயந்திரப் பூஜையை மாற்றினால் சாமி ஏற்குமா என்று எதிர்ப்பு எழுந்தது. அது பற்றிச் சரோஜாவிடம் கருத்துக் கேட்க ஒரு குழு போனது. குழு வெகுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, சமாதானமாகித் திரும்பியது. அவர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, டீ வாங்கிக்கொடுத்தார் என்றார்கள்.

கடையை அவருடன் வேலை பார்த்த ரேவதி திறந்திருக்கிறார். ஸ்கேனர் புதிது. பெஞ்சு பழையதுதான், அதில் கூட்டமும் குறையவில்லை. போன வாரம் என் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ரேவதி தலை நிமிராமல் டீ சொன்னார்.

சரோஜாவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு சொல்தான். சங்கக் கூட்டத்தில் யாராவது நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தால், பிள்ளை ஊரை விட்டுப் போகிறேன் என்றால், நானே ஒரு கோபக் கடிதத்தை எழுதி முடித்தால், ஆறட்டும் என்கிறேன். ஆறிய பிறகு போகிறவர்கள் போகத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு எங்கே போகிறோம் என்று தெரிந்திருக்கிறது.

நீல வாளி வந்துவிட்டது; வாங்கி வந்தவர் முனிரத்தினம். அவருடைய பாஸ்போர்ட் போன மாதம் காலாவதியானது. அதில் ஒரு பக்கத்திலும் முத்திரை இல்லை.