மாணவர்கள் போட்ட ரோடு

கஸ்தூரிரங்கன் நாட்டு நலப்பணித் திட்ட அதிகாரி ஆனது, மச்சினி கல்யாணத்துக்குப் போன ஒரே குற்றத்துக்காக. லீவு முடிந்து செங்கல்பட்டுக்குத் திரும்பி, தாம் பொருளாதாரம் நடத்தும் கல்லூரிக்குள் நுழைந்தபோது ஆசிரியர் கூட்டம் முடிந்துபோயிருந்தது. யாரும் தொட விரும்பாத அந்தப் பொறுப்பை, கூட்டத்துக்கு வராத தலையாகப் பார்த்து ஏகமனதாகக் கட்டியிருந்தார்கள். பிரின்சிபால் கையைப் பிடித்துக் குலுக்கி, இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று எல்லோரும் சொன்னதாகச் சொன்னார். அது தொண்ணூற்று மூன்றாம் வருஷம்.

வேறு யாராவது என்றால் கல்லூரி வாசலில் நாலு வேப்பங்கன்று நட்டு, போட்டோ பிடித்து, அறிக்கை எழுதிக் கழித்திருப்பார்கள். கஸ்தூரிரங்கனிடம் ஒரு கோளாறு இருந்தது. வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அவர் நம்பினார். வளரும் நாட்டுக்கு மூலதனம் பணமல்ல, படிக்கிற பிள்ளைகள்தான் என்று வருஷக்கணக்காகக் கரும்பலகைக்கு முன்னால் நின்று சொன்னவர். அந்த மூலதனத்தின் கையில் மண்வெட்டியைக் கொடுத்துப் பார்க்க இப்போது ஒரு வழி பிறந்தது என்று நினைத்தார்.

கருங்குழியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஆலங்கரணைக்கு அப்போது ரோடு கிடையாது. ஏரிக்கரையை ஒட்டி ஒரு மாட்டுவண்டித் தடம். மழை பெய்தால் அதுவும் கிடையாது. அந்த ஊர் ராஜேந்திரன் ஒருகாலத்தில் பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர். தேர்தலே நடக்காத அந்த வருஷங்களிலும் ஊர் அவரைத் தலைவர் என்றே கூப்பிட்டது. அவர் வந்து கேட்டதும், பொங்கல் முடிந்த கையோடு கஸ்தூரிரங்கன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்துப் பத்து நாள் முகாம் போட்டார்.

முதல் நாள் மாலைக்குள் பையன்களின் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. ஊர்ப் பெண்கள் வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் பாவம் என்று தோன்றியதோ என்னவோ, அவர்களே மண்வெட்டியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். கஸ்தூரிரங்கன் விடவில்லை. கிராவலைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, மறுபடி பரப்பி, படுத்தி எடுத்தார். பகலில் ரோடு, சாயங்காலம் அவருடைய சொற்பொழிவு. நடுவில் கண் டாக்டர், நர்ஸ், ஆடு மாட்டுக்கு ஊசி போடுகிறவர் என்று ஒவ்வொருவராக வந்து போனார்கள். கடைசி நாள் கலெக்டரே ஜீப்பில் அந்த ரோட்டின் மேல் வந்து இறங்கினார். கூடையோடு அவர் நிற்கும் படம் பேப்பரில் வந்தது.

அடுத்த ஐப்பசியில் ரோடு அறுந்துபோயிற்று. ஏரியின் உபரித் தண்ணீர் கடக்கிற இடத்தில் இரண்டு ஆள் படுக்கிற அகலத்துக்கு வாய் பிளந்து கிடந்தது. ராஜேந்திரன் செங்கல்பட்டுக்கு வந்து, மழை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று வருத்தத்தோடு சொன்னார். கஸ்தூரிரங்கன் அசரவில்லை. தேசத்தை ஒரே நாளில் கட்டிவிட முடியுமா என்று அவருக்கே ஆறுதல் சொல்லி, அந்த வருஷமும் போனார். அதற்கடுத்த வருஷமும் அதே இடத்தில் அறுந்தது. அதற்கடுத்த வருஷமும்.

அவர் மனைவி ருக்மிணி தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட். அதிகம் பேசமாட்டாள். ஒரு தை மாதம் அவர் பெட்டி கட்டுவதைப் பார்த்துக்கொண்டே, "ஏன்னா, அந்த ரோடு என்ன திவசமா? வருஷா வருஷம் தவறாம நடக்கறதே" என்றாள்.

திவசமோ என்னவோ, பலன் கிடைத்தது. பல்கலைக்கழகம் அவருக்குச் சிறந்த திட்ட அதிகாரி விருது கொடுத்தது. ஒரே கிராமத்தைத் தொடர்ந்து தத்தெடுத்து, சளைக்காமல் சாலை அமைத்துவரும் தொண்டு என்று பாராட்டுப் பத்திரத்தில் எழுதியிருந்தது. மற்ற கல்லூரிகளில் பேசக் கூப்பிட்டார்கள். கூடுவாஞ்சேரியில் அவர் பேசியபோது அரங்கத்தில் பாதிப் பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். மீதிப் பேர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள்.

தொண்ணூற்று ஒன்பதில் ஆலங்கரணையிலிருந்தே ஒரு பெண் பி.ஏ. சேர்ந்தாள். ரோகிணி. அந்த ஊரிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண். கஸ்தூரிரங்கனுக்குத் தலைகால் புரியவில்லை. தாம் போட்ட ரோட்டில் நடந்து ஒரு பெண் படிக்க வந்துவிட்டாள் என்று போகிற இடமெல்லாம் சொன்னார். அவளையும் முகாமில் சேர்த்து, தன் ஊருக்குத் தானே ரோடு போடும் மாணவியாகக் கலெக்டர் முன்னால் நிறுத்துவது என்று முடிவு செய்தார். முகாம் தேதி அறிவித்த அன்று அவள் ஆசிரியர் அறைக்கு வந்து, மற்றவர்கள் போகும்வரை கதவோரம் நின்றாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அந்த ரோட்ட மழை ஒண்ணும் அடிச்சிக்கினு போகல. எங்க ஊரு ஆளுங்கதான் வெட்டறாங்க. எங்கப்பாவும்தான்."

கஸ்தூரிரங்கன் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடிவைத்தார். ஏன் என்று கேட்டார். தலைவரையே கேளுங்க என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

மறுநாள் அவர் கருங்குழியில் பஸ்ஸைவிட்டு இறங்கி, அறுந்த இடத்தில் வேட்டியை மடித்துக் கட்டித் தாண்டி, ஊருக்குள் போனார். தாண்டும்போது குனிந்து பார்த்தார். மழை அறுத்திருந்தால் ஓரம் கரைந்து சரிந்திருக்க வேண்டும். இது பலகாரம் வெட்டிய மாதிரி நேராக இருந்தது. இத்தனை வருஷமும் இது தம் கண்ணில் படவில்லையே என்பதுதான் அவருக்கு முதலில் உறைத்தது.

ராஜேந்திரன் மறுக்கவில்லை. கலர் சோடா வரவழைத்துக் கொடுத்துவிட்டு, சங்கடமே இல்லாமல் சொன்னார். ரோடு ஒழுங்காக இருந்தால் முகாம் வராது. முகாம் வராவிட்டால் நர்ஸ் வரமாட்டார், கண் டாக்டர் வரமாட்டார், மனு வாங்கக் கலெக்டர் வரமாட்டார். பள்ளிக்கூட வாத்தியார்கூட அந்தப் பத்து நாள்தான், ஆபீசர்களுக்குப் பயந்து, மணியடிக்கும்போது வந்து நிற்கிறார். வெட்டாமல் என்ன செய்வது?

அப்படியானால் தார் ரோடே கேட்டிருக்கலாமே என்றார் கஸ்தூரிரங்கன்.

"கேக்காம இருப்பமா சார்? யூனியன் ஆபீசுக்குப் போனா, உங்களுக்கு இன்னாய்யா கொறச்சல், காலேஜ் பசங்க ரோடு போட்டுக் குடுத்தது பேப்பர்லயே வந்துதேன்றான். அறுந்து கெடக்குதுன்னா, அதான் வருஷா வருஷம் வந்து சரி பண்றாங்களேன்றான். நீங்க போட்ட ரோடாலதான் சார் எங்களுக்கு ரோடே வரல."

கஸ்தூரிரங்கன் சோடாவைக் குடிக்காமலே கிளம்பினார். திரும்பும் வழியில் அவருக்குக் கோபம் வரவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்றுகூடத் தோன்றவில்லை. ஊர்க்காரர்கள் சொன்ன கணக்கில் பிழையே இல்லை. அவர் நடத்தும் பாடத்தில் இதற்குப் பெயர்கூட உண்டு. பையன்களின் கொப்புளித்த கைகள்தான் ஞாபகம் வந்துகொண்டே இருந்தன. பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த வருஷ முகாமை மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துக்கு மாற்றினார். கடற்கரையைச் சுத்தம் செய்வது திட்டம். மாணவர்களுக்கு ஏக மகிழ்ச்சி. பாதி நேரம் கடலிலேயே கிடந்தார்கள். மீனவர்கள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வலை காயப்போட வேண்டும், கொஞ்சம் தள்ளி நின்று பெருக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

ஆலங்கரணையில் தை வரை காத்திருந்து பார்த்தார்கள். இனி யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்ததும் ராஜேந்திரன் நாலு பேரை அனுப்பி, வெட்டிய இடத்தை மூடச் சொன்னார். நெல் வண்டி போகவேண்டுமே. பத்து நாள் முகாம் போட்டுச் செய்த வேலையை அவர்கள் ஒரு காலைப்பொழுதில் முடித்துவிட்டு நீராகாரம் குடிக்க வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த ஐப்பசியில் நல்ல மழை. ஏரி நிரம்பி வழிந்தது. ரோடு அசையவில்லை. வருஷா வருஷம் கிராவல் கொட்டி, உருளை இழுத்து, இறுகிப் பாறையாகக் கிடந்தது. வெட்ட ஆளில்லாமல் அது பாட்டுக்கு நின்றது. அதற்கடுத்த வருஷம் மினி பஸ் முதலாளி ஒருவர் வழித்தடம் தேடி வந்தவர், இறங்கிக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, ஆலங்கரணை என்று கண்ணாடியில் எழுதி ஓட்ட ஆரம்பித்தார். பஸ் வந்தபிறகு வாத்தியார் தினமும் வந்தார். வராமலிருக்க அவருக்குச் சொல்லக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. பெண் பிள்ளைகள் ப்ளஸ் டூ படிக்க மதுராந்தகம் போனார்கள்.

இதையெல்லாம் கஸ்தூரிரங்கன் ஆண்டறிக்கையில் எழுத முடியவில்லை. முகாம் போடாததால் விளைந்த நன்மைகள் என்று ஒரு தலைப்பு அந்த அறிக்கையில் இல்லை. சாலைப் பணி என்ற இடத்தில் ஏதுமில்லை என்று எழுதினார். பிரின்சிபால் அதைப் பார்த்துவிட்டு, உங்களுக்கும் அலுத்துப்போயிருக்கும் என்று கனிவாகச் சொல்லி, பொறுப்பை ஆதித்யா என்ற இளம் விரிவுரையாளரிடம் கொடுத்தார். ஆதித்யா மாணவர்களைக் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடிக் கட்டடங்களின் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். அதற்குப் பெயர் ஆளுமை வளர்ச்சி முகாம்.

ரோகிணி படிப்பு முடிந்து சொல்லிக்கொண்டு போக வந்தாள். பி.எட். இடம் கிடைத்திருந்தது. அவர் பஸ் எப்படி ஓடுகிறது என்று கேட்டார். நன்றாக ஓடுகிறது என்றாள். ஊரில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டார். 

"செல்லம்மா பெரிம்மாவுக்குத்தான் சார் கஷ்டம். முகாம்ல ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணாங்க. இன்னொரு கண்ண அடுத்த வருஷம் பாக்கலாம்னு டாக்டர் சொன்னாரு."

அடுத்த வருஷம் முகாம் இல்லை. அவள் அதைச் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லவும் தேவைப்படவில்லை. சரியான முடிவு என்று அவர் இரண்டு வருஷமாக மனதுக்குள் மெச்சிக்கொண்டிருந்த ஒரு காரியம், ஆலங்கரணையில் ஒருத்தியை ஒற்றைக் கண்ணோடு உட்காரவைத்திருந்தது.

அந்த வாரமே, முகாமுக்கு வந்துகொண்டிருந்த கண் டாக்டர் வாசுதேவனைத் தேடிப் போனார். டாக்டருக்கு வர ஆட்சேபணை இல்லை; ஆனால் மேடை உண்டா, பேனர் உண்டா, யார் தலைமை என்று பழக்கதோஷத்தில் கேட்டார். ஒன்றும் கிடையாது, மினி பஸ்ஸில் போய் மினி பஸ்ஸில் வருகிறோம் என்றார் கஸ்தூரிரங்கன். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அதுவும் நல்லதுதான், பேச்சு இல்லாவிட்டால் இன்னும் இருபது கண் பார்க்கலாம் என்றார்.

ஊருக்குத் தகவல் சொல்ல கஸ்தூரிரங்கன் முதல் நாள் மாலையே கருங்குழியில் மினி பஸ் ஏறினார். உட்கார இடமில்லை. வண்டி முழுக்கப் பள்ளிக்கூடமும் கல்லூரியும் விட்டு வருகிற பிள்ளைகள். கூடுவாஞ்சேரியில் கம்ப்யூட்டர் கோர்ஸ் சேர்வதா, மறைமலை நகர் கம்பெனியில் அப்ரண்டிஸ் போவதா என்று இரண்டு பையன்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அவரைத் தெரியவில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை. சீருடை போட்ட ஒரு பெண் மட்டும் கையை நீட்டி அவர் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்டாள்.

செல்லம்மா வீட்டுக்கு என்றார். நாளைக் காலையில் கண் டாக்டர் வருகிறார், உங்கள் வீட்டிலும் சொல்லு என்றார். அவள் பையை ஒருமுறை தூக்கிக் கனம் பார்த்தாள்.

"டாக்டர் மட்டுந்தானா, இல்ல கூட்டமெல்லாம் போடுவீங்களா?"

"டாக்டர் மட்டும்தாம்மா."

அப்படியானால் பாட்டியைக் கூட்டிவருகிறேன் என்றாள் அவள். கண்டக்டர் காசைத் தட்டிக்கொண்டு பக்கத்தில் வர, கஸ்தூரிரங்கன் மேல்கம்பியை ஒரு கையால் பிடித்தபடி சட்டைப்பையில் சில்லறை தேடினார்.