திறக்கிறேன் என்று தலையாட்டிய கதவு

எனக்கு எழுபத்தொரு வயது. நான் பெற்ற ஆறு பேரோடு, தாயை இழந்த என் மதினி மகளையும் சேர்த்து ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். எங்கள் ஊர் பள்ளிவாசல்துறையில் உதவி கேட்டு யாரிடமும் போய் நின்றதில்லை. குர்ஆன் ஓதுவேன், தமிழை எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன்.

மக்காவுக்கு உம்ரா செய்யப் போனபோது, என் முழங்காலை நீட்ட இடம் வேண்டும் என்று இளைய மகன் கேட்டு வாங்கிய இருக்கை, விமானத்தின் நடுவே ஒரு கதவோரம் இருந்தது. அவனுக்கு இடம் பின்னால். உம்ராவுக்கான தூய நிலையாகிய இஹ்ராம் வைக்கவேண்டிய எல்லையை வானத்தில் தவறவிட்டுவிடுவேனோ என்று பயந்து, ஏறுமுன்பே அதற்கான உறுதியை, நிய்யத்தை, மனதில் வைத்துவிட்டேன். இஹ்ராமில் யாரோடும் தர்க்கம் கூடாது என்று எங்களை அழைத்துப்போன மௌலவி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அதனால் பணிப்பெண் ஓர் அட்டையைத் தந்து இங்கிலீசில் ஏதோ கேட்டபோது, மறுபேச்சில்லாமல் தலையாட்டினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து இன்னொரு முறை ஆட்டினேன்.

பக்கத்து இருக்கையில் இருந்த மதுரங்குளி ஊர்ப் பெண் சிரித்தாள்.

"மாமி, என்னத்துக்கு ஓமெண்டீங்க, தெரியுமா?"

"இஹ்ராம்ல இருக்கன் புள்ள. வாய் காட்டப்படாது."

"ஆபத்து வந்தா இந்தக் கதவ நீங்கதான் தொறக்கணுமாம். ஏலுமாண்டு கேட்டா. வீட்டு அலுமாரியெண்டு நெனச்சீங்களோ?"

அட்டையைப் புரட்டிப் பார்த்தேன். விமானம் ஓடத் தொடங்கியிருந்தது. அட்டைப் படத்தில் ஒருவன் கதவைக் கழற்றித் தூக்கி வெளியே எறிகிறான். நானோ தண்ணீர்க் குடம் தூக்கியே வருசக்கணக்காகிறது. இஹ்ராமில் கொடுத்த வாக்கு வேறு. நான் திறக்காவிட்டால் பின்னால் இருக்கிற என் மகன் எந்த வழியால் போவான்?

மேலே போனதும் விமானம் குலுங்கியது. கணவரின் மீன்பிடி வள்ளத்தில் நான் பார்க்காத குலுக்கலா? ஆனால் அங்கே பிடித்துக்கொண்டு இருந்தால் போதும். இங்கே கதவின் சிவப்புப் பிடி என் தோளோரம் இருந்தது. கண்ணயர்ந்தால் கை தானாகப் போய் இழுத்துவிடுமோ என்று வலக்கையைத் தொடைக்கடியில் வைத்து, இடக்கையால் தஸ்பீஹ் மணிமாலையை உருட்டினேன். அடுத்த குலுக்கலில் அது நழுவி விழுந்தது. குனிய முழங்கால் விடவில்லை.

ஒரு தஸ்பீஹை எடுக்க முடியாதவள் கதவையா தூக்கப்போகிறேன்?

"அந்த அட்ட தந்த புள்ளயக் கூப்பிடு. மாமிக்கு ஏலாதாம் எண்டு சொல்லு."

"தர்க்கமாகாதா மாமி?"

"இது தர்க்கமில்ல, உண்ம."

என்னை மகன் பக்கத்தில் கொண்டுபோய் இருத்தினார்கள். கால் நீட்ட இடமில்லை, நல்ல வலி. கதவோரம் ஓர் இளைஞன் போய் அமர்ந்தான். இறங்கும்வரை அவன் தூங்குகிறானா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதை எழுதி முடித்து, சரியாக எழுதியிருக்கிறேனா என்று வாசித்துக் காட்டப் பேத்தியின் கையில் கொடுத்திருக்கிறேன்.

"வாசி மகள், மெதுவா வாசி. கேட்டுட்டுத்தான் இனித் தலையாட்டுவன்."