நைனாவின் ‘சாவ்தான்’

மயிலாப்பூரில் எங்கள் சந்து முனையில் என் அப்பா இஸ்திரி வண்டி போட்டிருந்தார்; எனக்கும் சந்துக்கும் அவர் நைனா. அபிராமபுரத்து வீடுகளுக்குப் போய்த் துணி வாங்கி வருவது என் வேலை. ஐந்தாவதோடு என் படிப்பு நின்றிருந்தது. வாசலில் நின்று கூப்பிடக்கூட எனக்கு வாய் வராது. அவர்களாகப் பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு.

நைனா அப்படியில்லை. காலையில் தெருக்குழாயில் குடங்கள் முட்டிக்கொள்ளும்போது நடுவில் போய் விறைப்பாக நின்று, “சாவ்தான்!” என்று சத்தம் போடுவார். அசையாமல் நில் என்று இந்தியில் அதற்கு அர்த்தமாம். மலேயாவில் வெள்ளைக்காரனை எதிர்த்துக் கிளம்பிய படையில் அவர் கற்றது. சந்துப் பெண்கள் காதில் அது வேறாக விழும்.

“காலங்காத்தால சாவுதான் சாவுதான்னு கத்திக்கினு கீறியே, வெளங்குமா நைனா?” என்பாள் எதிர்வீட்டுக்காரி.

“நீ ஒயுங்கா நின்னா நான் ஏம்மே கத்தறேன்?”

சிரித்துக்கொண்டே வரிசைக்கு வந்துவிடுவார்கள்.

சுதந்திரத்துக்காகவா போனீர்கள் என்று யாராவது கேட்டால் பெருமை அடிக்க மாட்டார். “அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? தோட்டத்து தொரைக்குத் துணி வெளுக்கப் போனவன் நானு. ஜப்பான்காரன் வந்தான், தொரை ஓடிட்டான். மூட்டையத் தூக்கிக்கினு மைதானம் பக்கமா போனேன். வரிசையில நில்லுன்னாங்க, நின்னேன். அப்பால பர்மா வரிக்கும் நடந்தேன். அங்க எதிர்ப்பக்கத்துல, வெள்ளைக்காரன் பட்டாளத்துலயும் நம்ம ஆளுங்கதான். ஒரு நாளு அந்தாண்டயிருந்து தமிழ்ல ஒரு குரலு…”

அந்த இடத்தில் யாராவது அவசரத் துணியோடு வந்து நிற்பார்கள். கதை நின்றுவிடும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் என்னைப் பெண் பார்க்க நந்தனத்திலிருந்து வருவதாக இருந்தது. முந்தின நாள் நைனா பக்கத்தில் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: “அவங்க வர்றச்சொல்ல அந்த சாவு வார்த்த வாணாம் நைனா. பட்டாளத்துக் கதையும் வாணாம்.”

அதுவரை நானாக அவரிடம் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். கரியை ஊதிக்கொண்டிருந்தவர், “சரிம்மா” என்றார்.

மறுநாள் காபி குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் அப்பா ஆசையாக நகர்ந்து உட்கார்ந்தார். “மலேயாவுல துப்பாக்கி புடிச்சவராமே நீங்க? அதக் கேக்கணும்னுதான் நானும் கூட வந்தேன்.”

நைனா என் பக்கம் திரும்பவில்லை. “இல்லீங்க. அங்கயும் துணிதான் வெளுத்துக்கினு இருந்தேன்” என்றார்.

கல்யாணம் நடந்தது. அதன் பிறகு குழாயடியில் அந்தச் சத்தமே இல்லை; குடங்கள்தான் முட்டிக்கொண்டன. ஒருமுறை நான் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தபோது, “அந்தக் குரலு இன்னா சொல்லிச்சு நைனா?” என்று கேட்டுவிட்டேன். “எந்தக் குரலு?” என்றார். சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு, தேய்த்ததையே மறுபடி தேய்த்தார். அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

சில வருடம் கழித்து அரசாங்க ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். காதோரம் ‘சாவ்தான்’ என்று சொன்னால் கண்ணைத் திறந்துவிடுவார் என்று எனக்குப் பட்டது. குனிந்தேன். பக்கத்துக் கட்டில்களில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் வீட்டு மனிதர்கள் என்னையே பார்த்தார்கள். அவர்கள் காதில் அது எப்படி விழும்?

“நைனா” என்று மட்டும் சொல்லி நிமிர்ந்துவிட்டேன். அவர் கண் திறக்கவில்லை.