ஜோதிமணி மாற்றிச் சொன்ன வசனம்

எதையும் கன்னடத்தில் எடுத்துச் சொல்வதற்கு முன்னால் ஜோதிமணி கௌரம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வாள். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து படம் பார்க்க ஆரம்பித்த காலத்திலிருந்து இதைக் கவனித்து வருகிறேன். திரையில் யாராவது பேசி முடிப்பார்கள். ஜோதிமணியின் கண் அங்கிருந்து இறங்கி சோபாவில் இருக்கும் கௌரம்மாவிடம் போகும். அந்த முகம் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

கௌரம்மா எங்கள் வீட்டுச் சொந்தக்காரர். மைசூர் விஜயநகரில் கீழ் வீட்டில் அவர் தனியாக இருக்கிறார். மாடியில் இரண்டு போர்ஷன். ஒன்றில் ஜோதிமணியும் அவள் கணவர் சக்தியும் பிள்ளைகளும், இன்னொன்றில் நாங்கள். அவளுக்கு ஹனூர் பக்கம், எனக்குக் கொள்ளேகால். எங்கள் இருவருக்கும் வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். கௌரம்மாவுக்குக் கன்னடம்தான். தமிழில் வா, போ, சாப்பாடு என்ற அளவுக்குத்தான் பிடிபடும். அவர் பேசுவதை இங்கே நான் தமிழில் எழுதுகிறேன்.

அவருடைய மகன் மஞ்சுநாத் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். அவன்தான் சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டிவியை வாங்கி மாட்டிவிட்டுப் போனான். கன்னடப் படங்களை எல்லாம் பார்த்துத் தீர்த்த பிறகு கௌரம்மா தமிழுக்கு வந்தார். டப்பிங் அவருக்கு ஆகாது. வாய் ஒரு பக்கம் போகிறது, பேச்சு ஒரு பக்கம் வருகிறது, தலை வலிக்கிறது என்பார். அதனால் மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் நாங்கள் இருவரும் கீழே இறங்குவோம். படம் தமிழில் ஓடும். ஜோதிமணி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவாள். நான் தரையில் சுவரோரமாக உட்கார்ந்துகொள்வேன். எனக்கும் சொல்லத் தெரியும். ஆனால் நாலு பேர் முன்னால் என் குரலை நானே கேட்டால் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஜோதிமணி சொல்லும்போது படம் கொஞ்சம் நல்ல படமாகிவிடும். கெட்ட வார்த்தை வந்தால் "கோபமா இருக்காங்க" என்பாள். கணவனை இழந்தவளை யாராவது குத்திப் பேசினால், கௌரம்மாவும் அப்படி இருப்பவர் என்பதால், "என்னமோ வீட்டு விஷயம்" என்று தாண்டிவிடுவாள். ஒரு படத்தில் கதாநாயகனின் அம்மா செத்துப்போனதைச் சொல்ல மனமில்லாமல், காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டாள். அடுத்த காட்சியில் மாலை போட்ட படம் சுவரில் தொங்கியது. கௌரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "காய்ச்சல் நல்லா குணமாயிருக்கு ஜோதி" என்றார். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் பின்னால் ஓடிய பாட்டு ஒன்றும் காதில் விழவில்லை.

இந்தப் பழக்கம் அவளுக்குச் சினிமாவால் வந்ததில்லை. ஹனூரில் அவளுடைய அப்பாவும் சித்தப்பாவும் ஒரே கிணற்றுக்குப் பங்காளிகள். வாய்க்கால் தகராறில் பேச்சு நின்றுபோனது. தோட்டம் பக்கத்தில், வீடு பக்கத்தில், பேசாமலும் முடியாது. அதனால் சின்னப் பெண்ணான ஜோதிமணியை நடுவில் ஓடவிட்டார்கள். "தண்ணிய மடக்கினான்னா வாய்க்கால்லயே பொதைச்சுப்போடுவேன்னு அந்த நாயிகிட்டப் போய்ச் சொல்லு" என்று அப்பா அனுப்புவார். அவள் போய், "சித்தப்பா, தண்ணி கொஞ்சம் இந்தப் பக்கம் வந்தாத் தேவலைன்னு அப்பா சொன்னாங்க" என்பாள். அங்கிருந்து வருவதையும் அப்படியே சலித்துக் கொண்டுவருவாள். அவள் கல்யாணமாகி வரும்வரை அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் கைகலப்பு ஒன்றும் நடந்ததில்லை. அவர்கள் கடைசிவரை பேசிக்கொள்ளவும் இல்லை. இதை அவளே ஒரு நாள் துணி உலர்த்தும்போது சொன்னாள்.

படம் முடிந்ததும் கௌரம்மா காபி போடுவார். காபியோடு அவருடைய தீர்ப்பும் வரும். மருமகள் செய்தது சரி, மாமனாரை ஜெயிலில் போட்டது போதாது என்கிற மாதிரி. சாயங்காலம் கேட்டருகே தெருப் பெண்கள் நின்று பேசும்போது, அவரவர் வீட்டில் பார்த்த படங்களைப் பற்றிப் பேச்சு வரும். கௌரம்மா எங்கள் படத்தைச் சொல்வார். ஜோதிமணி சொன்ன கதையைத்தான் சொல்வார். அதே படத்தைப் பார்த்த வேறு யாராவது இருந்தால் கொஞ்சம் விழிப்பார்கள். கௌரம்மா விடமாட்டார்.

அவருக்கு ஒரு மகளும் உண்டு. சைத்ரா. தானாகவே ஒருவனைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு ஹுப்பள்ளிப் பக்கம் போய்விட்டாள். வேறு சாதி. அப்போதிலிருந்து அம்மாவும் மகளும் பேசுவதில்லை. பேத்தி பிறந்ததைக்கூட மஞ்சுநாத்தான் வந்து சொன்னான். அந்தப் பெயரை அந்த வீட்டில் நாங்கள் எடுப்பதில்லை.

போன மார்கழியில் ஒரு நாள் கௌரம்மாவே எடுத்தார். சங்கராந்திக்கு சைத்ரா குழந்தையைக் கூட்டிக்கொண்டு மைசூருக்கு வருகிறாளாம், அவளுடைய நாத்தனார் வீட்டில் தங்கி, எள்ளும் வெல்லமும் கலந்த எள்ளு பெல்ல கொடுக்க இங்கேயும் வருவாளாம். மஞ்சுநாத் போனில் சொல்லியிருக்கிறான். வந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். ஜோதிமணி, "பண்டிகை நாள்ல வர்றது நல்லதுதானே அம்மா" என்று மெதுவாகச் சொன்னாள். கௌரம்மா பேச்சை மாற்றிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம். அவரைக்காய் காலம். ஊறப்போட்ட அவரைப் பயறை ஒரு தாம்பாளத்தில் நடுவில் வைத்துக்கொண்டு, மூன்று பேரும் தோலைப் பிதுக்கிக்கொண்டே படம் பார்த்தோம். எதிர்வீட்டில் யாரோ நல்ல படம் என்று சொன்னதால் ஜோதிமணி போட்ட படம். அதில் ஒரு பெண் வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு போவாள் என்று எங்களுக்கு முன்னமே தெரியாது. தெரிய வந்தபோது பாதிப் படம் ஓடிவிட்டது. ஜோதிமணியின் குரல் இறங்கிக்கொண்டே போனது. கௌரம்மா பிதுக்குவதை நிறுத்திவிட்டார்.

கடைசிக் காட்சியில் அந்தப் பெண் பல வருஷம் கழித்துத் தாய் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். அம்மா கிரில்லுக்கு உள்ளே நிற்கிறாள். முகத்தில் அழுகை இல்லை, ஒன்றும் இல்லை. தாழ்ந்த குரலில் பேசுகிறாள். நான்தான் உன்னை விரட்டினேன், நாலு பேர் பேச்சுக்குப் பயந்து உன் வயசையும் என் வயசையும் தின்றுவிட்டேன், வா என்று கூப்பிட எனக்கு யோக்கியதை இல்லை, கதவு திறந்திருக்கிறது, உனக்கு மனசிருந்தால் வா. கிரில்லைத் திறந்துவிட்டுத் திரும்பி உள்ளே போகிறாள். மகள் வெளியே அழுதுகொண்டு நிற்கிறாள். திறந்த கதவோடு படம் முடிகிறது.

ஜோதிமணி கௌரம்மாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த முகம் அப்படி இறுகி நான் பார்த்ததில்லை.

"என்ன சொன்னா?" என்றார் கௌரம்மா.

"நேரமாயிடுச்சு, நான் உள்ள போறேன்னு சொல்றாங்க" என்றாள் ஜோதிமணி.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அம்மா."

"கதவைத் திறந்தபடியே விட்டுட்டுப் போறாளே."

"அவசரத்துல மறந்துட்டாங்க போல."

என் கையில் ஒரு பயறு நசுங்கியிருந்தது.

அன்றைக்குக் காபி வர நேரமானது. வந்தபோது கௌரம்மா தெளிவாக இருந்தார். அந்த அம்மா நல்ல அம்மா என்றார். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழவில்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை, தன் மரியாதையைத் தான் வைத்துக்கொண்டாள் என்றார். சாயங்காலம் கேட்டருகிலும் அதையே சொன்னார். படத்தில் ஒரே ஒரு குறை, இந்தக் காலத்தில் யார் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போவார்கள் என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஜோதிமணியும் சிரித்தாள்.

சங்கராந்தி அன்று தெருவில் பட்டுப்பாவாடைக் குழந்தைகள் வீடு வீடாகத் தட்டோடு போய்க்கொண்டிருந்தார்கள். எள், வெல்லம், கடலை, கொப்பரைத் துண்டு எல்லாம் கலந்த பொட்டலம், கூடவே ஒரு சர்க்கரை அச்சு. அன்றைக்கு யார் வீட்டுத் தட்டையும் யாரும் மறுப்பதில்லை. சண்டைக்காரர்கள்கூட வாங்கிக்கொள்வார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆட்டோவிலிருந்து சைத்ரா இறங்கினாள். நானும் ஜோதிமணியும் மாடிப்படியில் எங்கள் தட்டுகளோடு நின்றிருந்தோம். குழந்தை முன்னால் நடந்து வந்து கிரில்லுக்கு வெளியே தட்டை நீட்டியது.

கௌரம்மா உள்ளே நின்றார். "இத்தனை வருஷம் வராத சங்கராந்தி இப்பத்தான் வந்துதா" என்றார். சைத்ரா, "அம்மா" என்றாள்.

"விளக்கு வைக்கணும், நேரமாச்சு" என்று கௌரம்மா திரும்பி உள்ளே போனார். மரக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

குழந்தை தட்டை நீட்டியபடியே நின்றது. சைத்ரா ஒரு பொட்டலத்தை எடுத்து காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். எறும்பு ஏறுவதற்குள் ஜோதிமணி இறங்கிப் போய் அதை எடுத்து வந்தாள்.

மறுநாள் கௌரம்மா தானாகவே எங்களிடம் சொன்னார். "அந்தப் படத்து அம்மா மாதிரி ரெண்டு வார்த்தையோட நிறுத்திட்டேன். கதவை மட்டும் மறக்காமச் சாத்தினேன்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

மாடிக்கு வந்த ஜோதிமணி அடுப்பைப் பற்ற வைக்காமல் அதன் முன்னால் நின்றாள். "என்ற வாயால அந்தக் கதவைச் சாத்திப்போட்டேன் புள்ள" என்றாள். சக்தி சாப்பிட வந்தபோது அவரிடமும் சொன்னாள். அவர், சினிமாவைப் பார்த்துவிட்டா யாராவது மகளை வேண்டாம் என்பார்கள், அந்தம்மா மனசில் முன்னமே இருந்ததுதானே என்று சமாதானம் சொன்னார். "இருந்துச்சுங்க. ரெண்டும் இருந்துச்சு. நான் எதுக்குத் தொணை போனேன்னு பாருங்க" என்றாள்.

அவர் போன பிறகு என்னைக் கேட்டாள். "நீயும் கேட்டியல்லோ அன்னைக்கு?"

தலையாட்டினேன்.

"அப்பறம் ஏம்புள்ள ஒண்ணும் சொல்லலை?"

சக்தி சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவப் போனேன். அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவள் கீழே போவதைக் குறைத்தாள். பிள்ளைகளுக்குப் பரீட்சை, உடம்பு சரியில்லை, ஊரிலிருந்து ஆள் வருகிறது. அவள் போகாவிட்டால் நானும் போகமாட்டேன். கௌரம்மா படியடியில் நின்று, புதுப் படம் வந்திருக்கிறதாமே என்று கூப்பிடுவார். கீழே டிவி சத்தம் கேட்கும். டப்பிங் படத்தைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். ஜோதிமணி அந்தப் பொட்டலத்தைத் தன் வீட்டு சாமி அலமாரியில் வைத்திருந்தாள். அது அவளுக்கு வந்ததில்லை, அதனால் தின்னமுடியாது. தூக்கிப் போடவும் முடியாது. காலையில் விளக்கேற்றும்போதெல்லாம் அது கண்ணில் படும். ஆள் மெலிந்துபோனாள்.

சிவராத்திரி கழிந்து வெயில் ஏறத் தொடங்கிய ஒரு மத்தியானம், பொட்டலத்தை எடுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். கூட வா என்று மட்டும் சொன்னாள்.

கௌரம்மாவிடம் உட்காராமலே சொன்னாள். "அம்மா, அந்தப் படத்துல அவங்க சொன்னது அது இல்ல. நான் மாத்திச் சொன்னேன்."

கௌரம்மாவுக்கு எந்தப் படம் என்று கேட்கத் தேவைப்படவில்லை. ரிமோட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். ஜோதிமணி கடைசிக் காட்சியைத் தேடிப் போட்டாள். அந்த அம்மா பேசப் பேச, ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, உள்ளது உள்ளபடி சொன்னாள். அன்றைக்குத்தான் அவள் கௌரம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கதவு?" என்றார் கௌரம்மா.

"மறக்கலைங்க அம்மா. அவளுக்காகத்தான் திறந்து வெச்சாங்க."

படம் அந்தத் திறந்த கதவில் நின்றிருந்தது. பிறகு கௌரம்மா, "நான் அழுதுடுவேன்னு பயந்தியா?" என்று கேட்டார். ஜோதிமணி ஆமாம் என்றாள். "அழுதிருப்பேன்" என்றார். "அழவிட்டிருக்கலாம் ஜோதி."

அப்போது நானும் வாயைத் திறந்தேன். எனக்கும் அன்றைக்கே தெரியும் அம்மா என்றேன். அவர் என்னைப் பார்த்து, தெரியும் என்பதுபோலத் தலையசைத்தார்.

ஜோதிமணி, சைத்ரா சுவர் மேல் வைத்துவிட்டுப் போனது என்று நீட்டிய பொட்டலத்தைப் பிரித்தார். கொப்பரையில் சிக்கு வாடை வந்துவிட்டது. அதை ஒதுக்கிவிட்டு எள்ளையும் வெல்லத்தையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சைத்ராவின் நம்பர் அவரிடம் இல்லை. மஞ்சுநாத்தைக் கூப்பிட்டு வாங்கினார். நாங்கள் மாடிக்கு வந்துவிட்டோம்.

இப்போது தாயும் மகளும் போனில் பேசுகிறார்கள். அதிகமும் குழந்தையின் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான். தசராவுக்கு வரச்சொல்லிக் கௌரம்மா கூப்பிட்டிருக்கிறார், சைத்ரா பார்க்கலாம் என்றிருக்கிறாள். ஜோதிமணி பழையபடி கீழே வருகிறாள், யார் செத்தாலும் செத்துவிட்டார்கள் என்றே சொல்கிறாள். சைத்ரா இன்னும் வரவில்லை.