அக்காவின்ர ஐம்பத்தெட்டும் என்ர பத்தும்

லண்டனில இருக்கிற அக்கா ஒருநாள் வட்சப்பில எடுத்து, "தம்பி, மூண்டு மாசச் சீனிச் சோதனை எனக்கு ஐம்பத்தெட்டாம். டொக்டர் கொஞ்சம் கவனமா இருக்கட்டாம்" எண்டா.

அதே சோதனை அதே கிழமை மன்னார் கிளினிக்கில எனக்கும் செய்தவை. பத்து புள்ளி இரண்டு. அதுக்கே அங்க இருக்கிற நேர்ஸ் மிஸ்ஸி, "இப்பிடியே போனால் காலைக் கழட்டவேண்டி வரும் ஐயா" எண்டு வரிசையில நிண்ட சனம் முழுக்கக் கேக்கக் கத்தினவ. பத்துக்கே கால் போகுமெண்டால் ஐம்பத்தெட்டுக்கு என்ன போகும்? ஆளே போயிடும்.

"அக்கா, ஒளிக்காமல் சொல்லுங்கோ, எவ்வளவு நாள் தந்திருக்கினம்?" எண்டன். அவ சிரிச்சா. அழுகையை மறைக்கத்தான் சிரிக்கிறா எண்டு நினைச்சு நான் அழுதன். அம்மா செத்த பிறகு என்னைத் தூக்கி வளத்தவ அவதான்.

"அங்க ஏதும் பிழைச்சிருக்கும். திருப்பிச் சோதிக்கச் சொல்லுங்கோவன்" எண்டாள் என்ர மனிசி.

"வெள்ளைக்காரன்ர மெசின் பிழைக்குமோ விசரி!"

மடு மாதாவுக்கு நேர்த்தி வைச்சன், வீட்டில இருந்து கோயில் மட்டும் செருப்பில்லாமல் நடந்து வாறன் எண்டு. கேட்டது கிடைச்ச பிறகு நேர்த்தியை முடிக்கிறதுதான் வழமை. ஐம்பத்தெட்டு அவ்வளவு நாள் பொறுக்குமோ? நான் முதலே நடந்தன். வெளிக்கிடுற அண்டு சிலாவத்துறைக் கூட்டாளி கொண்டுவந்த, கருப்பட்டி ஊத்திச் செய்த வட்டிலப்பத்தில பாதியை நானே முடிச்சன். மனிசி முறைச்சாள். எனக்கு வெறும் பத்துத்தானே எண்டன்.

இரண்டு நாள் நடை. வெயிலில தார் றோட்டு கொதிச்சுது. வழியில கூடச் சேர்ந்த யாத்திரைப் பெடியள் எல்லாம் கோழி மாதிரித் துள்ளித் துள்ளி நடக்கினம், எனக்கெண்டால் ஒரு நோவும் இல்லை. மாதா என்னைத் தாங்குறா எண்டு கண்ணீர் விட்டன். சனம் அதைப் பாத்து, "ஐயா, எங்களுக்காகவும் மன்றாடுங்கோ" எண்டு கேக்கத் துவங்கீட்டுது. நானும் பெரிய புனிதர் மாதிரித் தலையாட்டினன்.

அடுத்த கிழமை கிளினிக்குக்குப் போய் மிஸ்ஸியிட்ட அக்காவின்ர கதையைச் சொன்னன். அவ கதிரையில சாய்ஞ்சு சிரிச்சா, எனக்குக் கோவம் வந்திட்டுது.

"ஐயா, எல்லா நாட்டுச் சோதனையும் ஒத்துவர வேணுமெண்டு உலகத்து நிபுணர்மார் கூடி ஒரு அளவு கொண்டுவந்தவை. சில நாடு அதுக்கு மாறீட்டுது. நாங்கள் இன்னும் பழைய சதவீதத்திலதான் எழுதுறம். அக்காவின்ர ஐம்பத்தெட்டு எங்கட கணக்கில ஏழரை. அவ நல்லா இருக்கிறா."

"அப்ப என்ர பத்து?"

ஒரு துண்டில கணக்குப் பாத்தா. "அக்காவின்ர அளவில எண்பத்தெட்டு."

நாசமாப் போன அளவு! ஒத்துவரக் கூடினவங்களாம். படகு எஞ்சின் திருத்துறவன் நான். நட்டுக் கழட்டுற இஞ்சிச் சாவியையும் மில்லிமீற்றர்ச் சாவியையும் ஒரே பெட்டிக்குள்ள வைச்சு நாப்பது வருசம் வேலை செய்தனான். பதின்மூண்டு மில்லிமீற்றர்ச் சாவி ஒரு இஞ்சிச் சாவியை விடப் பெரிசெண்டு நம்புற பெடியனை நானே பேசியிருக்கிறன். எனக்கெல்லோ இது விளங்கேல்லை!

"அது கிடக்கட்டும். செருப்பில்லாமலோ நடந்தனீங்கள்? காலை நீட்டுங்கோ" எண்டா மிஸ்ஸி. இப்ப சிரிப்பைக் காணேல்லை. "கண்ணை மூடுங்கோ. நான் தொடேக்க சொல்லுங்கோ."

நீட்டினன். மூடினன். கனநேரம் போச்சு.

"தொடுங்கோவன் பிள்ளை, எவ்வளவு நேரம் இப்பிடி இருக்கிறது?" எண்டன்.

கண்ணைத் திறந்தன். மிஸ்ஸியின்ர கையுறை முழுக்க இரத்தமும் சீழும். இடுக்கியில விரல் நீளத்துக்கு ஒரு உடைமுள்ளு. அவ அதை என்ர உள்ளங்காலில இருந்து இழுத்தெடுத்து முடிச்சிருந்தா.